ஊழியத்தில் வளரும் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டங்களிலும், வீட்டு ஜெபக் குழுக்களிலும், ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வேதத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

ஊழியம் என்றால் பாஸ்டர்களும் மிஷனரிகளும் செய்வதுதானே? வேலைக்குப் போகிற எனக்கு அதில் என்ன பங்கு?

எபேசியர் 4:11-12ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். மேய்ப்பர்களும் போதகர்களும் சபைக்குக் கொடுக்கப்பட்டதே, விசுவாசிகளை ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்துவதற்காகத்தான் என்கிறார் பவுல். ஊழியம் செய்ய வேண்டியவர்கள் சபையார். அவர்களைத் தயார்செய்கிறவர் போதகர். பல சபைகளில் இது தலைகீழாகிவிட்டது. அவர் ஒருவர் ஓடியாடி உழைக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், எருசலேம் சபையின் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பந்தி விசாரிக்கும் அந்த வேலைக்குக் கேட்ட தகுதிகள்: நற்சாட்சி, பரிசுத்த ஆவியின் நிறைவு, ஞானம். பிரசங்கம் செய்கிறவருக்கு இதைவிட அதிகமாக என்ன கேட்டுவிட முடியும்? அதே புத்தகத்தின் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் வருகிறாள். அவள் எங்கும் பிரசங்கம் செய்ததாக இல்லை. விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தாள். வேதம் அவளைச் சீஷி என்றே அழைக்கிறது.

கிருபையினால்தான் இரட்சிப்பு என்கிறீர்கள். அப்புறம் எதற்குக் கிரியை?

எபேசியர் 2:8-9ஐ மனப்பாடமாகச் சொல்கிற பலர் 10ஆம் வசனத்துக்குப் போவதில்லை. முதல் இரண்டு வசனங்கள், இரட்சிப்பு ஈவு, அது கிரியைகளினால் உண்டானதல்ல என்கின்றன. அடுத்த வசனம், நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. கிரியை இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை ஆகாது. இரட்சிக்கப்பட்டவருடைய வாழ்க்கை அது.

பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களே என்று அடுத்து கேட்பார்கள். இருவரும் ஆபிரகாமையே உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் ஆபிரகாமின் வாழ்க்கையில் வேறு வேறு நாட்களைக் காட்டுகிறார்கள். பவுல் ரோமர் 4இல் எடுப்பது ஆதியாகமம் 15: ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு எடுப்பது பல ஆண்டுகள் கழித்து நடந்த ஆதியாகமம் 22: ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த நாள். முதல் நாளில் இருந்த விசுவாசம் உயிருள்ளதுதான் என்று இரண்டாம் நாள் காட்டிவிட்டது. யாக்கோபின் நிருபத்தை 1522இல் ‘வைக்கோல் நிருபம்’ என்று ஒதுக்கிய சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே, அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சுறுசுறுப்பானது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்று எழுதினார்.

சரி, சேவை செய்தால் அடுத்தவருக்கு நன்மை. என் விசுவாசம் எப்படி வளரும்?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யோவான் 7:17இல் இயேசு, தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் இந்த உபதேசம் தேவனிடமிருந்து வந்ததா என்று அறிந்துகொள்வான் என்கிறார். நாம் பொதுவாக நினைப்பது, முதலில் எல்லாம் விளங்கட்டும், பிறகு செய்யலாம் என்று. அவர் செய்ய முன்வருகிறவனுக்கு அறிவை வாக்குப்பண்ணுகிறார். எபிரெயர் 5:14உம் தேறினவர்களைப் பற்றிச் சொல்லும்போது, நன்மை தீமையைப் பகுத்தறியும் திறன் அவர்களுக்குப் பயிற்சியினால் வந்தது என்கிறது. நிறையப் பிரசங்கம் கேட்டதனால் வந்தது என்று அங்கே எழுதியில்லை.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்றால், முதலில் மாறுவது ஜெபம். ‘ஆண்டவரே, எல்லோரையும் ஆசீர்வதியும்’ என்று ஜெபித்துக்கொண்டிருந்தவர், நடக்க முடியாத ஒரு முதியவரை வாராவாரம் போய்ப் பார்க்கத் தொடங்கினால், அவருடைய பேரைச் சொல்லி, அவருடைய முழங்கால் வலியைச் சொல்லி, அவரோடு பேசாத மகனைச் சொல்லி ஜெபிக்கிறார். அப்புறம் வேத வாசிப்பு மாறும். துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குச் சங்கீதங்கள் படிக்கிற விதமே வேறு. மூன்றாவதாக, நம்முடைய பொறுமையும் அன்பும் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகின்றன என்பது தெரியவரும். அது கசப்பான கண்டுபிடிப்புதான். ஆனால் ‘என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது’ என்று இயேசு சொன்ன வசனம் அந்த இடத்தில்தான் உண்மையாகப் புரிகிறது.

சீஷர்களைப் பாருங்கள். மாற்கு 6இல் இயேசு அவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். அதே அதிகாரத்தின் கடைசியில், அப்பங்களின் அற்புதத்தை அவர்கள் இன்னும் உணரவில்லை, அவர்கள் இருதயம் கடினமாயிருந்தது என்று இருக்கிறது. புரியாத அந்த ஆட்களின் கையில்தான் அவர் அப்பங்களைக் கொடுத்துப் பரிமாறச் சொன்னார்.

நான் இன்னும் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளரவில்லை. முதலில் வளர்ந்துவிட்டு அப்புறம் ஊழியம் செய்யலாமா?

இப்போதுதான் சீஷர்களைப் பற்றிச் சொன்னேன். பதில் அதிலேயே இருக்கிறது. சமாரியப் பெண் (யோவான் 4) இயேசுவைச் சந்தித்த அன்றே ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னாள். ‘அவர் கிறிஸ்துதானோ?’ என்று கேள்வியாகத்தான் சொன்னாள். அவளுக்கே முழுத் தெளிவு இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணியாக, அதாவது சபையை நடத்துகிறவராக, வைக்காதே, பெருமையில் விழுந்துவிடுவார் என்று 1 தீமோத்தேயு 3:6 சொல்கிறது. உதவுவதற்குக் காத்திருக்க வேண்டாம். மற்றவர்களை நடத்தும் பொறுப்புக்குக் காத்திருங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் சபைகளில், பாடத் தெரிந்த இளைஞரை வந்த மாதமே மேடையில் ஏற்றிவிட்டு, அவர் இடறி விழும்போது எல்லோரும் வருத்தப்படுகிறார்கள்.

என் வரம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, 1 பேதுரு 4:10-11 ஆகிய மூன்று பகுதிகளையும் வாசியுங்கள். ஒவ்வொன்றிலும் வரும் வரங்களின் பட்டியல் வேறு. எதுவும் முழுப் பட்டியல் என்று சொல்லிக்கொள்ளவில்லை. போதிப்பதோடு இரக்கம் செய்வதும், கொடுப்பதும், உதவி செய்வதும் அவற்றில் வருகின்றன. யாத்திராகமம் 31இல் பெசலெயேலை தேவ ஆவியினால் நிரப்பியதாகக் கர்த்தர் சொல்கிறார். எதற்காக? பொன், வெள்ளி, வெண்கல வேலையும், இரத்தினம் பதிப்பதும், மரவேலையும் செய்வதற்கு. கைத்தொழில் தெரிந்தவர்கள் இதை அவசியம் வாசிக்க வேண்டும்.

வரத்தைக் கண்டுபிடித்துவிட்டுத் தொடங்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். கண்ணெதிரே இருக்கும் தேவையை எடுத்துச் செய்யுங்கள். செய்யச் செய்ய, எதில் மற்றவர்களுக்குப் பயன் உண்டாகிறது என்பது உங்களைவிட உங்களோடு இருப்பவர்களுக்கு முதலில் தெரியும். அவர்களிடம் கேளுங்கள்.

ஆசை இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

நெகேமியாவின் புத்தகத்தில் முதல் மூன்று அதிகாரங்களைப் படியுங்கள். எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். கிஸ்லேவு மாதத்தில் செய்தி வந்தது; நிசான் மாதத்தில்தான், தான் பணிசெய்த பெர்சிய ராஜாவிடம் வாயைத் திறந்தார். இடையில் சுமார் நான்கு மாதங்கள். திறந்தபோதோ, எவ்வளவு காலம் வேண்டும், யாருக்குக் கடிதம் வேண்டும், எதற்கு மரம் வேண்டும் என்று எல்லாமே கையில் இருந்தது. எருசலேமுக்குப் போனதும் இரவில் எழுந்து மதிலைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம்தான் ஜனங்களைக் கூப்பிட்டார். மதில் 52 நாட்களில் எழும்பியது. 3ஆம் அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடாதீர்கள். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள் என்று அங்கே இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு எதிரே என்ன இடிந்துகிடக்கிறது? துணையை இழந்து தனியாக இருப்பவர், பாடத்தில் பின்தங்கிய ஒரு பிள்ளை, மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆள் இல்லாதவர். இதில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் பெரிய நலத்திட்ட விழாவைவிட, வாராவாரம் ஒரே வீட்டுக் கதவைத் தட்டுவது உங்களை அதிகமாக மாற்றும் என்று உறுதியாக நம்புகிறேன். விழாவில் யாருடைய பேரும் நமக்குத் தெரியாது. முடிந்தால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இயேசு இரண்டிரண்டு பேராக அனுப்பியது சும்மா இல்லை.

வேலை, குழந்தைகள், வயதான பெற்றோர். எனக்கு நேரமே இல்லை. நான் என்ன செய்வது?

நீங்கள் சொன்ன அந்த மூன்றும் ஊழியமே. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 கடுமையாகவே சொல்கிறது. ‘எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள்’ என்ற கொலோசெயர் வசனம், தங்கள் நேரத்தின்மேல் எந்த உரிமையும் இல்லாத அடிமைகளுக்கு எழுதப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகர மடம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் தேவ சமுகத்தில் இருக்கப் பழகினார். ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் அவரிடம் வித்தியாசம் இல்லாமல் போனது.

கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும் தாயிடம் இன்னொரு பொறுப்பை ஒப்படைக்கும் சபை, அந்தத் தாய்க்குச் செய்ய வேண்டிய ஊழியத்தை மறந்துவிட்டது.

செய்வதை யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டுமா? போட்டோ எடுத்துப் பகிரலாமா?

மத்தேயு 5:16, உங்கள் நற்கிரியைகளை மனுஷர் கண்டு பிதாவை மகிமைப்படுத்தட்டும் என்கிறது. 6ஆம் அதிகாரம் தொடங்கும்போதே, மனுஷர் காண வேண்டுமென்று தர்மம் செய்யாதிருங்கள் என்கிறது. பார்த்தவர்கள் கடைசியில் யாரைப் புகழ்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

உதவி வாங்குகிறவருடைய முகத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அவருடைய வறுமை நம் சாட்சிக்கான அலங்காரம் ஆகக்கூடாது. கணக்குக் காட்ட வேண்டுமென்றால் செலவுக் கணக்கைக் காட்டுங்கள். நன்கொடைப் பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை; யாரும் குற்றம் சொல்லாதபடி மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:18-21).

உதவி வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள். நன்றிகூட இல்லை. எதற்காகச் செய்ய வேண்டும்?

பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். ‘மற்ற ஒன்பது பேர் எங்கே?’ என்று இயேசு கேட்டார். அவருக்கும் அது வலித்திருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆனாலும் ஒன்பது பேருடைய சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஏமாற்றுவது வேறு விஷயம். கலாத்தியர் 6:2 ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. ஒருவர் தானே சுமக்க வேண்டியதையும் நாம் சுமந்தால் அவர் பலவீனமாகிறார். பணமாகக் கொடுப்பது பிரச்சினையாகிறது என்றால் பொருளாகக் கொடுங்கள், கட்ட வேண்டிய கட்டணத்தை நேரடியாகக் கட்டுங்கள், கூடப் போங்கள். ‘இதற்குமேல் என்னால் முடியாது’ என்று அன்போடு சொல்லலாம். ஒருவர் ஏமாற்றினார் என்று அடுத்தவருக்குக் கதவை மூடிவிடாதீர்கள்.

உதவி செய்யும்போது சுவிசேஷம் சொல்லியே ஆக வேண்டுமா? சொல்லாவிட்டால் அது வெறும் சமூக சேவைதானே?

நல்ல சமாரியன் உவமையில், காயப்பட்டவனுக்கு அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான், மீதியையும் தருகிறேன் என்றான். அங்கே ஒரு பிரசங்கமும் இல்லை. ‘நீயும் போய் அந்தப்படியே செய்’ என்றுதான் இயேசு முடித்தார். அன்போடு கொடுத்த சாப்பாட்டை ‘வெறும்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். உங்களிலிருக்கும் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது 1 பேதுரு 3:15. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: உதவியை நிபந்தனையாக்குவது. கூட்டத்துக்கு வந்தால்தான் அரிசி என்றால் அது வியாபாரம். கி.பி. 362 வாக்கில் ரோமப் பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவத்தை வெறுத்தவர், தன் மதகுரு ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று குமுறினார். அந்தக் காலத்து விசுவாசிகள் உதவி வாங்குகிறவர் எந்தத் தெய்வத்தை வணங்குகிறார் என்று பார்த்துக் கொடுக்கவில்லை.

மார்த்தாளைக் கண்டித்து மரியாளைத்தானே இயேசு பாராட்டினார்? அப்படியென்றால் ஓடியாடிச் செய்வதைவிடப் பாதத்தில் உட்கார்ந்திருப்பதுதானே மேல்?

மார்த்தாள் விருந்து வேலையில் ஓடியாட, அவள் சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்து கேட்ட இந்தச் சம்பவம் லூக்கா 10இல் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். சற்றுமுன் சொன்ன சமாரியன் உவமைக்கு அடுத்தபடியே. ‘போய்ச் செய்’ என்று முடிந்த உடனே ‘உட்கார்ந்து கேள்’ என்று வருகிறது. லூக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது நாம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதிருக்கத்தான் என்று நினைக்கிறேன். மார்த்தாள் சமைத்ததை இயேசு குறைசொல்லவில்லை. ‘நீ அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்’ என்றார். வேலையின் பாரத்தில் அவள் தன் சகோதரியின்மேலும் விருந்தாளியின்மேலுமே எரிச்சலானாள்.

மார்த்தாளின் கதை அங்கே முடியவும் இல்லை. யோவான் 11இல், சகோதரன் இறந்த துக்கத்தின் நடுவே, ‘நீர் தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன்’ என்று அறிக்கையிட்டது இந்த மார்த்தாள். யோவான் 12:2இல் மறுபடியும் ஒரு விருந்து, அங்கேயும் ‘மார்த்தாள் பணிவிடை செய்தாள்’ என்று இருக்கிறது. இந்த முறை முறையீடு இல்லை, கண்டிப்பும் இல்லை. அவள் சேவையை விடவில்லை. அதே சேவையில் வளர்ந்திருக்கிறாள்.

ஊழியம் செய்து செய்து வறண்டுபோய்விட்டேன். ஜெபிக்கவும் மனதில்லை. விசுவாசம் குறைந்துவிட்டதா?

தீர்க்கதரிசி எலியாவுக்கு நடந்ததைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்டவர், கொஞ்ச நாளில் சூரைச்செடியின் கீழே படுத்து ‘போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்றார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். பேச்செல்லாம் பிறகுதான். ஆகவே முதலில் தூங்குங்கள், சாப்பிடுங்கள். வாரக்கணக்கில் இருள் விலகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.

அப்புறம், உங்கள் தோளில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். காலைமுதல் மாலைவரை தனியாக நியாயம் விசாரித்த மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ, ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள்’ என்றார் (யாத்திராகமம் 18). மோசே கேட்டார், பொறுப்புகளைப் பகிர்ந்தார். நீங்கள் நான்கு பொறுப்புகளில் இருந்தால் மூன்றை ஒப்படைத்துவிடுங்கள். சபை இடிந்துவிழாது. இயேசுவே, ஊர் முழுவதும் தேடிக்கொண்டிருந்தபோது, இருட்டோடே எழுந்து வனாந்தரத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தார். ‘எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள்’ என்று வந்து சொன்னபோது, அவர் வேறு ஊர்களுக்குப் போகலாம் என்றார் (மாற்கு 1:35-38).

படுக்கையில் இருக்கிறேன். இனி என்னால் ஆண்டவருக்கு என்ன பயன்?

திருநெல்வேலிப் பகுதியிலுள்ள டோனாவூரில் ஆபத்திலிருந்த பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து காயப்பட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே முடங்கியிருந்தார். அந்த அறையிலிருந்து எழுதினார், கடிதங்கள் அனுப்பினார், பெயர் சொல்லி ஜெபித்தார். வலியில் இருப்பவர்களுக்கு அவர் எழுதியவை, ஓடித்திரிந்த நாட்களில் அவரால் எழுதியிருக்க முடியாதவை.

உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, நேரம். ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருக்க ஆள் கிடைக்காமல் தவிக்கிறவர்கள் ஏராளம். அதுவும் முடியாத நிலை என்றால், மற்றவர்கள் உங்களுக்குச் செய்வதை வெட்கமில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பேதுரு கால் கழுவப்பட மறுத்தபோது, ‘நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை’ என்றார் இயேசு.

அவருடைய நாமத்தினாலே அற்புதம் செய்தவர்களையே ‘உங்களை அறியவில்லை’ என்று சொல்வாராமே. பயமாயிருக்கிறது.

மத்தேயு 7:22-23ஐ மத்தேயு 25:37-40ஓடு சேர்த்து வாசியுங்கள். 7ஆம் அதிகாரத்தில் இருப்பவர்கள் தாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறார்கள்: தீர்க்கதரிசனம், பிசாசு துரத்தியது, அற்புதங்கள். 25ஆம் அதிகாரத்தில் நீதிமான்களோ, ‘எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?’ என்று திகைக்கிறார்கள். ஆகாரம் கொடுத்தது அவர்கள் கணக்கிலேயே இல்லை. முதல் கூட்டத்தார் செய்ததை நம்பி நிற்கிறார்கள். அவர்களை இயேசு அக்கிரமக்காரர்கள் என்றும் அழைக்கிறார். அந்தரங்க வாழ்க்கையில் கீழ்ப்படிதல் இல்லை.

இந்தப் பயத்தோடு கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: கிருபையைப் பற்றி மேலே சொன்ன பதிலுக்குத் திரும்பப் போங்கள். அங்கே நின்றுகொண்டு ஊழியம் செய்யுங்கள்.

நான் செய்வது ஆண்டவருக்காகவா, என் பேருக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. நிறுத்திவிடவா?

நிறுத்த வேண்டாம். முழுச் சுத்தமான நோக்கம் வரட்டும் என்று காத்திருந்தால் பசியோடிருப்பவர் பசியோடே இருப்பார். பொறாமையினால் பிரசங்கிக்கிறவர்களைப் பற்றிப் பவுல் சிறையிலிருந்து எழுதும்போதுகூட, எப்படியும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன் என்கிறார் (பிலிப்பியர் 1:15-18). அதற்காக நோக்கம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிடாது. அன்பில்லாமல் எல்லாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று எழுதியவரும் அவர்தான்.

உங்களைச் சோதித்துப்பார்க்கச் சில கேள்விகள். உங்கள் பெயரை அறிவிப்பில் சொல்ல மறந்துவிட்டால் எவ்வளவு நாள் மனதில் நிற்கிறது? அதே வேலையை இன்னொருவர் நன்றாகச் செய்தால் ஜெபத்தில் நன்றி சொல்ல முடிகிறதா? யாரும் பார்க்காத ஒரு வேலையாவது உங்கள் கையில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், இப்போது செய்வதை விடாமல், அப்படி ஒன்றைக் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆராதனைக்குப் பிறகு கழிப்பறையைக் கழுவுவதாக இருக்கலாம், பேர் போடாமல் ஒருவருடைய கட்டணத்தைக் கட்டுவதாக இருக்கலாம். வீட்டாரிடமும் சொல்லாமல் சில மாதம் செய்துபாருங்கள்.